எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. கார்களுக்கு உரிய அசல் லூகாஸ் ஹார்ன்களைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதுப்பிக்கும்போது இன்ஜினுக்கும் பெயின்டுக்கும் இருக்கைத் தோலுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள்கூட, ஹார்னைக் கடைசி வாரத்தில் கையில் கிடைத்ததை வைத்து முடித்துவிடுவது வழக்கம். கிரில்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பொருள் என்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். ஆனால் மழைநீரும் சாலையில் தெறிக்கும் சேறும் முதலில் படுகிற இடமும் அதுவே. அதனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு காரில் ஹார்ன் ஒருமுறையேனும் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றியவர் அந்த நேரத்தில் கடையில் எது இருந்ததோ அதையே பொருத்தியிருப்பார்.

இந்த வழிகாட்டி எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை தயாரான எம்.ஜி.ஏ. காரையும், 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. காரையும் மையமாகக் கொண்டது. ஆஸ்டின் ஹீலி, டிரையம்ப், ஜாகுவார் கார்களை வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பயன்படும். போட்டியாளர்களாக இருந்த இந்த நிறுவனங்கள் மின்சாதனங்களைப் பெரும்பாலும் பர்மிங்காமில் இருந்த ஜோசப் லூகாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம்தான் வாங்கின. சென்னைவாசிகளுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1961இல் அதே லூகாஸ் டி.வி.எஸ். குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து உருவான நிறுவனத்தால்தான் பாடியில் உள்ள நிறுத்தத்தை இன்றும் மக்கள் லூகாஸ் என்றே சொல்கிறார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் "அசல்" என்பதை நீங்கள் எந்த அளவுக்கு எதிர்பார்க்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சரியான வகையைச் சேர்ந்த லூகாஸ் ஹார்ன் போதும் என்பது ஒரு நிலை. வகையும் சரியாக இருந்து, அதில் பொறித்திருக்கும் மாதமும் ஆண்டும் கார் தயாரான காலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அடுத்த நிலை. தொழிற்சாலையில் அந்தக் காரிலேயே பொருத்தப்பட்ட அதே ஹார்ன்தான் வேண்டும் என்பது மூன்றாவது. அது காரோடு வந்தால்தான் உண்டு, தேடிக் கிடைக்காது. பெரும்பாலானவர்களுக்கு நான் இரண்டாவது நிலையையே பரிந்துரைப்பேன். செலவு சற்றுக் கூடும் என்றாலும், எந்தப் போட்டி நடுவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதல் படி: காரின் தயாரிப்புத் தேதியை உறுதிசெய்தல்

காரின் தயாரிப்புத் தேதி தெரியாமல் ஹார்ன் வாங்குவது, என் கருத்தில், பணத்தைப் பாழாக்கும் வேலை. பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. அது பல நேரங்களில் கார் விற்கப்பட்ட ஆண்டாகவோ முதன்முதலில் பதிவான ஆண்டாகவோ இருக்கும். எம்.ஜி.ஏ. கார்களில் மிகப் பெரும்பான்மை வட அமெரிக்காவுக்குக் கப்பலேறியவை. அங்கே விற்பனையாளரின் கிடங்கில் மாதக்கணக்கில் நின்ற கார், அடுத்த ஆண்டின் காராக விற்கப்பட்டதும் உண்டு.

சேசிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள். எம்.ஜி.பி. திறந்த காரில் 'ஜி.எச்.என்.3' என்று தொடங்கும் எண் 1962 முதல் 1967 வரையிலான முதல் வரிசையைக் குறிக்கும்; 'ஜி.எச்.என்.4' அதற்கு அடுத்த வரிசை, 'ஜி.எச்.என்.5' 1969க்குப் பிறகு வந்தது. கூரையுள்ள ஜி.டி. வகையில் 'என்' என்ற எழுத்துக்குப் பதில் 'டி' இருக்கும். இந்த எழுத்துகள் காலத்தைத் தோராயமாகவே காட்டும். துல்லியமான தேதிக்கு, இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள கேடன் கிராமத்தில் இயங்கும் பிரிட்டிஷ் மோட்டார் தொழில் பாரம்பரிய அறக்கட்டளையிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறலாம். தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேடுகள் அவர்களிடம் பாதுகாப்பாக உள்ளன. தயாரான தேதி, இன்ஜின் எண், முதல் நிறம் ஆகியவற்றோடு, அந்தக் காரில் கூடுதலாகக் கேட்டுப் பொருத்தப்பட்ட சாதனங்களையும் சான்றிதழ் குறிப்பிடும். ஜாகுவார் கார்களுக்கு இதே பணியைச் செய்வது ஜாகுவார் டைம்லர் பாரம்பரிய அறக்கட்டளை.

கூடுதல் சாதனங்களின் பட்டியல் ஏன் முக்கியம் என்றால், எம்.ஜி.ஏ. காரில் வழக்கமாகத் தரப்பட்டது ஒரே ஒரு ஹார்ன்; இரட்டை ஹார்ன் என்பது வாங்குபவர் கூடுதல் விலை கொடுத்துக் கேட்டுப் பெற்ற வசதி. இன்று சாலையில் காணும் எம்.ஜி.ஏ. கார்கள் பலவற்றில் இரண்டு ஹார்ன்கள் இருப்பதால், இரண்டு இருப்பதே அசல் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உங்கள் காரின் சான்றிதழில் இரட்டை ஹார்ன் குறிப்பு இல்லை என்றால் ஒன்றே போதும்; இரண்டாவதற்காகச் செலவழிக்கும் பணத்தை அந்த ஒன்றைச் சரியாகத் தேடச் செலவிடலாம்.

தேதி கிடைத்த பிறகு, அப்போது எம்.ஜி. கார்களைத் தயாரித்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனம் விற்பனையாளர்களுக்காக அச்சிட்ட உதிரிபாகப் பட்டியலைப் பாருங்கள். அதன் மறுஅச்சுகள் எளிதாகக் கிடைக்கின்றன. எந்தச் சேசிஸ் எண் வரை எந்த ஹார்ன், எந்த எண்ணிலிருந்து மாற்றம் என்பதை அந்தப் பட்டியல் பாகத்துக்குப் பாகம் சொல்லும். மாடலின் பெயர் மாறும் நாளில்தான் பாகங்களும் மாறும் என்று எண்ணிவிட வேண்டாம்; ஒரே மாடலின் ஓட்டத்தின் நடுவிலும் பாகங்கள் மாறியிருக்கின்றன.

இரண்டாம் படி: எதையும் கழற்றும் முன் காரைப் பார்த்தல்

கிரில்லுக்குப் பின்னால் இருப்பதைக் கழற்றாமல் முதலில் படம் எடுங்கள். ஹார்ன் தவறானதாக இருந்தாலும் அது நிற்கும் பிராக்கெட் அசலாக இருக்கலாம். பிராக்கெட்டும் போய்விட்டிருந்தால் துளைகள் மிச்சமிருக்கும். தொழிற்சாலை போட்ட துளையின் விளிம்பு சீராகவும், அதற்குள் காரின் முதல் பெயின்ட் படிந்தும் இருக்கும். பின்னாளில் டிரில் போட்ட துளையின் விளிம்பில் பிசிறும், பெயின்ட் இல்லாத துருவும் தெரியும். இரண்டாவது ஹார்னுக்கான துளைகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்று பார்ப்பது, சான்றிதழ் வந்து சேரும் முன்பே பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிடும்.

வயரிங்கும் பேசும். எம்.ஜி.ஏ. காலத்தில் ஹார்னிலிருந்து ஹார்ன் பட்டனுக்குச் செல்லும் வயர், பழுப்பு நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது, எம்.ஜி.பி.யில் அது ஊதா நிறத்தில் கறுப்புக் கோடு. இரண்டு கார்களிலும் மின்சாரம் ஃபியூஸ் வழியாக நேராக ஹார்னுக்கு வந்து காத்திருக்கும். பட்டனை அழுத்தும்போது எர்த் பக்கம், அதாவது காரின் உலோக உடலோடு சேரும் பக்கம், இணைந்து சுற்று முழுமையாகும். இந்த ஏற்பாட்டின் விளைவு ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்களுக்கான ஹார்னில் இரண்டு டெர்மினல்கள் இருக்க வேண்டும். இரண்டுமே ஹார்னின் உடலோடு மின்தொடர்பு இல்லாமல் இருக்க வேண்டும். ஒரே டெர்மினலோடு, உடல் வழியாக எர்த் ஆகும் ஹார்னை இங்கே பொருத்தினால், சப்ளை வயரை இணைத்த கணமே பட்டனைத் தொடாமலேயே அது அலறத் தொடங்கும்.

ஹார்ன் பட்டனின் இடமும் இரு கார்களில் வேறு. எம்.ஜி.ஏ.யில் அது டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. ஸ்டியரிங்கின் நடுவில் இருப்பது அலங்காரச் சின்னம் மட்டுமே. ஆரம்பகால எம்.ஜி.பி.யில் பட்டன் ஸ்டியரிங்கின் நடுவுக்கு வந்துவிட்டது. எம்.ஜி.ஏ.யின் ஸ்டியரிங் சின்னத்தை அழுத்திப் பார்த்துவிட்டு ஹார்ன் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்பவர்கள் உண்டு.

மூன்றாம் படி: ஹார்ன் வகைகளை அறிதல்

லூகாஸ் ஹார்ன்களை இரண்டு பெரும் குடும்பங்களாகப் பிரிக்கலாம். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். காயிலில் மின்சாரம் பாயும்போது அது காந்தமாகி, டயாஃப்ரம் எனும் மெல்லிய உலோகத் தகட்டோடு இணைந்த இரும்புத் துண்டை இழுக்கும். இழுபட்ட துண்டு, மின்சாரத்தை இணைத்தும் அறுத்தும் விடும் தொடர்பு முனையான பாயிண்டைத் திறக்கும். மின்சாரம் அறுந்து தகடு பழைய இடத்துக்குத் திரும்பும். பாயிண்ட் மீண்டும் மூடும். இது நொடிக்குப் பல நூறு முறை நிகழ்வதே நாம் கேட்கும் ஒலி. பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த்தா, நெகட்டிவ் முனை எர்த்தா என்பதைப் பற்றி இந்த அமைப்புக்குக் கவலையில்லை. எனவே 1967 வரை பாசிட்டிவ் எர்த்தாக வந்த எம்.ஜி. கார் பின்னர் மாற்றப்பட்டிருந்தாலும் அதே ஹார்ன் வேலை செய்யும்.

வேறுபாடு ஒலி வெளியேறும் விதத்தில் இருக்கிறது. உயர் அதிர்வெண் வகையில், டயாஃப்ரத்தோடு சேர்ந்து அதிரும் தட்டு ஒன்று கூர்மையான ஒலியை நேராக வெளியே தள்ளும். எனவே உருவம் தட்டையாக, வட்டமாக இருக்கும். 1945 முதல் 1949 வரை தயாரான எம்.ஜி. டி.சி. காரின் முன்பக்கக் கம்பியில் விளக்குக்கு இணையாகத் தொங்கும் ஆல்டெட் ஹார்ன் இந்தக் குடும்பம். காலத்தால் மிகவும் பின்னால் வந்த 6எச் என்ற தட்டை ஹார்னும் இதே குடும்பம்தான்.

விண்ட்டோன் வகையில், டயாஃப்ரம் ஒரு குழலுக்குள் இருக்கும் காற்றை அதிரச் செய்கிறது. குழலின் நீளமே சுருதியைத் தீர்மானிக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த அந்தக் குழலை நத்தை ஓடு போலச் சுருட்டியிருப்பார்கள். எம்.ஜி.ஏ. 1500 காரில் வந்த டபிள்யூ.டி.618, அதற்கு முந்தைய டபிள்யூ.டி.614, எம்.ஜி.பி.யில் வந்த 9எச் ஆகிய மூன்றும் விண்ட்டோன் வகையே. ஆரம்பகால ஜாகுவார் ஈ-டைப் காரிலும் இந்த டபிள்யூ.டி.618 தான் இருந்தது. டபிள்யூ.டி. வகைகளில் பின்புறம் கழற்றக்கூடிய குவிந்த மூடி ஒன்று இருக்கும்; திருகைக் கழற்றி மூடியை எடுத்தால் பாயிண்டும் வயர் இணைப்பும் உள்ளே தெரியும். 9எச் உருவத்தில் சிறியது. அதில் பாயிண்ட் உள்ளே அடைபட்டிருக்கும். சரிசெய்யும் சிறு திருகு மட்டும் வெளியே, டெர்மினல்களுக்குப் பக்கத்தில் தெரியும். வயர்கள் தட்டையான பிளேடு டெர்மினல்களில் செருகப்படும். பழைய கார் சந்தையில் தூசி படிந்த குவியலுக்கு முன் நிற்கும்போது, முத்திரையைப் படிப்பதற்கு முன்பே மூடியையும் டெர்மினலையும் பார்த்துக் காலத்தைக் கணித்துவிடலாம்.

இரட்டை ஹார்னில் ஒன்று தாழ்ந்த சுருதி, மற்றது உயர்ந்த சுருதி. தாழ்ந்த சுருதி ஹார்னின் குழல் நீளமானது. இரண்டுக்கும் இடையே லூகாஸ் வைத்த இடைவெளி மேற்கத்திய இசையில் மேஜர் தேர்டு எனப்படுவது. கர்நாடக இசை அறிந்தவர்களுக்குச் சொன்னால், ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள உறவு, அதாவது நான்குக்கு ஐந்து என்ற விகிதம். இரண்டு தாழ்ந்த சுருதி ஹார்ன்களைச் சேர்த்து ஜோடி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றைப் பொருத்தினால் சத்தம் வரும், ஆனால் அந்தக் காருக்கே உரிய இணைந்த குரல் வராது.

நான்காம் படி: முத்திரையைப் படித்தல்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதாக இருந்தால் இந்தப் பகுதியைச் செய்யுங்கள். லூகாஸ் தன் சாதனங்களில் வகையின் பெயர், வோல்ட் அளவு, தயாரான காலம் ஆகியவற்றை உலோகத்தில் அடித்துப் பொறிப்பது வழக்கம். ஹார்னில் இவற்றை விளிம்பு வளையத்திலோ பிராக்கெட் பிடிக்கும் பகுதியிலோ தேடுங்கள். தாழ்ந்த சுருதிக்கு எல், உயர்ந்த சுருதிக்கு எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். வோல்ட் அளவைப் பார்க்காமல் விடக் கூடாது. அதே காலத்தில் 6 வோல்ட் கார்களும் இருந்தன, வெளித்தோற்றத்தில் ஹார்ன்கள் ஒன்றுபோலவே இருக்கும்.

காலத்தைக் குறிக்கும் எண்கள் இரண்டு முறைகளில் வரும். பழைய முறையில் மாதமும் ஆண்டும்: '3 57' என்றால் 1957 மார்ச். பின்னர் வந்த முறையில் வாரமும் ஆண்டும்: '24 68' என்றால் 1968ஆம் ஆண்டின் இருபத்து நான்காம் வாரம். முதல் எண் 12ஐத் தாண்டினால் அது வாரம் என்பதில் ஐயமில்லை. தாண்டாதபோது ஹார்னின் வகையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹார்னின் தேதி கார் தயாரான தேதிக்கு முன்னதாக இருக்க வேண்டும் என்பது வெளிப்படை. எவ்வளவு முன்னதாக என்றால், பர்மிங்காமில் அடித்த முத்திரை ஆபிங்டன் வந்து, கிடங்கில் இருந்து, அசெம்பிளி வரிசைக்குப் போகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகியிருக்கும். ஓராண்டு இடைவெளி என்றால் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். காருக்கு ஒரு மாதம் பிந்திய தேதி உள்ள ஹார்ன், எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்னாளில் பொருத்தியதே. உங்கள் காரிலேயே உள்ள டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில் இருக்கும் லூகாஸ் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டால், அந்தக் காருக்கு இடைவெளி எப்படி அமைந்தது என்பதை ஊகிக்கலாம். அந்த எண்களோடு ஒட்டி வரும் ஹார்ன் கிடைத்தால் அதைவிட வேறு என்ன வேண்டும்!

துருவும் பழைய பெயின்டும் முத்திரையை மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாமல் இருந்த எழுத்துகள் நிழல் விழுந்து எழும். போலிகளும் இதே ஒளியில் பிடிபடும். அடித்துப் பொறித்த எழுத்தின் ஓரம் சற்று மேடாகி, ஆழம் எழுத்துக்கு எழுத்து மாறும். அண்மையில் செதுக்கிய எழுத்து ஒரே ஆழத்தில், கூரிய ஓரத்தோடு, பெயின்டுக்கு மேலே வெட்டிக்கொண்டு நிற்கும்.

ஐந்தாம் படி: தேடும் இடங்கள்

கார் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். லூகாஸ் வகை எண்ணைச் சொல்லித் தேடுங்கள். 'எம்.ஜி.ஏ. ஹார்ன்' என்று எழுதி வைத்த பொருளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் விலை கேட்பார்கள். அதே டபிள்யூ.டி.618, அக்காலத்துக் குடும்பக் கார்களிலிருந்து கழற்றியதாக, விவரம் எழுதாத பெட்டியில் கிடக்கும். முத்திரையும் தேதியும் பொருந்தினால் அது எந்தக் காரில் பிறந்தது என்பதை உலோகம் சொல்லப்போவதில்லை. பிராக்கெட் மட்டும் காருக்குக் கார் வேறுபடும் என்பதால் உங்கள் காரில் உள்ள பிராக்கெட்டின் அளவைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அதே கார்களில் க்ளியர் ஹூட்டர்ஸ் என்ற மற்றொரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஹார்ன்களும் வந்திருப்பதால், தூரத்திலிருந்து பார்த்து உருவத்தை மட்டும் நம்பிப் பேரம் பேசக் கூடாது.

நேரில் போக முடிந்தவர்களுக்கு, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பியூலி தேசிய மோட்டார் அருங்காட்சியக வளாகத்தில் செப்டம்பரில் நடக்கும் ஆட்டோஜம்பிள் என்ற பழைய உதிரிபாகச் சந்தையும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி நகரில் அக்டோபரில் நடக்கும் சந்தையும் சிறந்தவை. பெரும்பாலான எம்.ஜி.ஏ.க்கள் அமெரிக்காவுக்குப் போனதால் அவற்றிலிருந்து கழற்றிய பாகங்களும் அங்கேதான் அதிகம். 1930இல் தொடங்கிய எம்.ஜி. கார் கிளப் போன்ற அமைப்புகளின் உறுப்பினர்கள், பொதுச் சந்தைக்கு வராத பாகங்களை வீட்டில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் சேசிஸ் எண்ணும் தயாரிப்புத் தேதியும் சொல்லிக் கேட்டால் மதித்துப் பதில் சொல்வார்கள்.

இணையம் வழியாக வாங்குவதாக இருந்தால், முத்திரையின் தெளிவான படம், டெர்மினல் பக்கத்தின் படம், ஹார்ன் ஒலிக்கும் காணொளி ஆகிய மூன்றையும் கேளுங்கள். முத்திரைப் படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

இந்தியாவில் காரை வைத்திருப்பவர்கள், அசல் கிடைக்கும் வரை கோயம்புத்தூரின் ரூட்ஸ் நிறுவனம் தயாரிக்கும் விண்ட்டோன் ஹார்னைப் பொருத்தி ஓட்டலாம். டெர்மினல் பற்றி மேலே சொன்ன நிபந்தனையைப் பார்த்துக்கொண்டால் போதும். சாலைக்கு அது நன்றாகவே பயன்படும். அவசரப்பட்டு அரைகுறை அசலை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆறாம் படி: பணம் கொடுக்கும் முன் சோதித்தல்

கையில் எடுத்தவுடன் குழலின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். துருத்தூள் கொட்டினால் டயாஃப்ரம் அரித்திருக்கக்கூடும். குளவிக்கூட்டு மண் கொட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. குழலில் விரிசலோ ஒட்டுப்போட்ட தடமோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் விட்ட குழலில் சுருதி நிற்காது.

அடுத்து மல்டிமீட்டர். இரு டெர்மினல்களுக்கு இடையே மிகக் குறைந்த ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பாயிண்டில் அழுக்கு படிந்திருக்கலாம் அல்லது காயில் அறுந்திருக்கலாம். முதலாவது எளிதில் சரியாகும், இரண்டாவது ஆகாது. எந்த டெர்மினலுக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே இன்சுலேஷன் போய்விட்டது என்று பொருள்.

ஒலித்துப் பார்க்கும்போது ஹார்னைக் கையில் பிடிக்காமல், அதன் பிராக்கெட்டை வைஸில் இறுக்கிப் பிடியுங்கள். தளர்வாகப் பிடித்த ஹார்ன் நல்லதாக இருந்தாலும் கரகரக்கும். லூகாஸின் பராமரிப்புக் குறிப்புகளே ஹார்ன் பொருத்திய இடத்தில் ஆட்டம் கண்டால் ஒலி கெடும் என்று எச்சரிக்கின்றன. நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, இடையில் ஃபியூஸ் வைத்து, ஒரு நொடிக்கு மேல் போகாமல் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். ஒலி வராவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். பாயிண்ட் திறக்காமல் மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் காயில் சூடேறிக் கருகிவிடும். அம்மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 9எச் வகைக்கு அதிகபட்சம் மூன்றரை ஆம்பியர் என்று எம்.ஜி.பி.யின் பட்டறைக் கையேடு சொல்கிறது. டபிள்யூ.டி.618 இதைவிடக் கணிசமாகக் கூடுதல் மின்சாரம் எடுக்கும். ஜாகுவார் தன் காரில் அதற்கு ரிலே (கூடுதல் மின்சாரத்தைத் தாங்கி இணைத்துவிடும் ஸ்விட்ச்) வைத்ததும் அதனால்தான்.

ஒலிக்காத ஹார்னை வாங்கலாமா என்றால், டபிள்யூ.டி. வகையாக இருந்து மீட்டரில் காயில் உயிரோடு இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மூடியைத் திறந்து பாயிண்டைச் சரிசெய்ய முடியும். ஒலிக்காத 9எச் அப்படியல்ல. அதைத் திறக்க விளிம்பிலுள்ள ரிவெட்டுகளை டிரில் செய்து எடுத்துப் பின்னர் சிறு திருகுகளால் மூட வேண்டும். வேலை முடிந்தாலும் வெளித்தோற்றம் மாறிவிடும். தேதி மிகச் சரியாகப் பொருந்தினாலொழிய நான் அதற்குப் போகமாட்டேன்.

ஏழாம் படி: சரிசெய்தலும் மேற்பூச்சும்

சரிசெய்யும் திருகு சுருதியை மாற்றுவதற்கு அல்ல, தேய்மானத்தை ஈடுகட்டுவதற்கு. டபிள்யூ.டி. வகையில் மூடியை எடுத்து, நிலையான பாயிண்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டை ஒலி நின்றுபோகும் இடம் வரை திருப்ப வேண்டும். பாயிண்ட் பிரிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அங்கிருந்து எதிர்ப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்பி, நட்டை நகராமல் பிடித்துக்கொண்டே பூட்டு நட்டை இறுக்குங்கள். 9எச் வகையில் அதே முறைதான், ஆனால் திரும்பி வருவது கால் சுற்று மட்டுமே. இரட்டை ஹார்னாக இருந்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதன் சப்ளை வயரைக் கழற்றி, அதன் முனை எதிலும் படாதபடி டேப் சுற்றி வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது எது பிசகுகிறது என்று காது பிரித்தறியாது.

பாயிண்டை நுண்ணிய அரத்தால் லேசாகத் தேய்த்துப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். எமரித்தாள் பயன்படுத்தினால் அதன் துகள் பாயிண்டில் பதிந்து, சரிசெய்தது சில நாளிலேயே கெடும்.

மேற்பூச்சில்தான் அதிகக் கொலைகள் நடக்கின்றன. முழு ஹார்னையும் மணல் வீச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மணல் பாயிண்டுக்குள் புகுவதோடு, தேடிப் பிடித்து வாங்கியதற்குக் காரணமான முத்திரையே தேய்ந்து போகிறது. கையால் சுத்தம் செய்து, மெல்லிய பூச்சு மட்டும் கொடுங்கள். டயாஃப்ரத்தின் மீது தடித்த பெயின்ட் படிந்தால் ஒலி மழுங்கும். நிறத்தை ஊகிக்க வேண்டாம். பிராக்கெட் மூடியிருந்த பகுதியிலும் மூடியின் உட்புறத்திலும் வெயிலும் மழையும் படாத அசல் பூச்சு மிச்சமிருக்கும். அதைப் பார்த்து நிறம் கலக்கச் சொல்லுங்கள். டி.சி.யின் ஆல்டெட் வெளியே தெரியும்படி தொங்குவதால் அதற்குக் குரோம் விளிம்பு உண்டு. எம்.ஜி.ஏ.யில் கிரில்லுக்குப் பின்னால் குரோம் மூடி மின்னினால், யாரோ ஒருவர் தன் ரசனையைச் சேர்த்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

எட்டாம் படி: காரில் பொருத்துதல்

பொருத்தும் முன் வயரிங்கைச் சோதித்துவிடுங்கள். எம்.ஜி.ஏ.யிலும் 1974 வரையிலான எம்.ஜி.பி.யிலும் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து காரின் மூக்கு வரை மின்சாரம் பயணிக்கும் வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும். பட்டனை அழுத்தியபடி ஹார்னின் இரு டெர்மினல்களுக்கு இடையே அளந்து பாருங்கள். பேட்டரியில் காட்டும் அளவிலிருந்து அது இரண்டு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், குற்றம் ஹார்னில் இல்லை. ஃபியூஸ் பெட்டியின் துருப்பிடித்த பிடிகளிலும் பட்டனின் தேய்ந்த தொடர்பிலும் ஸ்டியரிங் கம்பத்தின் எர்த்திலும் தேட வேண்டும். நல்ல ஹார்ன்கள் பல குப்பைக்குப் போனது இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

ஃபியூஸ் மாற்றும்போது லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருக்கும் 35 ஆம்பியர் என்பது அது எரியும் அளவு என்பதையும், தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர் மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இன்றைய கடையில் 35 ஆம்பியர் ஃபியூஸ் என்று கேட்டு வாங்கினால் அது 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும். வயர் எரிந்தபிறகுதான் அது எரியும்.

குழலின் வாய் முன்னோக்கியும் சற்றுக் கீழ்நோக்கியும் சாய்ந்திருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் ஒரு மழைக்காலம் போதும், டயாஃப்ரம் நீரில் ஊறிவிடும். பிராக்கெட் போல்ட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் வைத்து நன்றாக இறுக்குங்கள். ஹார்னின் உடல் அதைச் சுற்றியுள்ள தகடு எதையும் தொடக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். காரிலிருந்து கழற்றிய பழைய ஹார்ன், தவறானதாகவே இருந்தாலும், அதன் முத்திரை எண்களையும் கழற்றிய தேதியையும் எழுதிய சீட்டோடு கார் ஆவணங்களுடனே வைக்கப்பட வேண்டும். அந்த வகை வேறு யாரோ ஒருவரின் காருக்குச் சரியானதாக இருக்கலாம், அவர் உங்களுக்குத் தேவைப்படுவதை வைத்திருக்கவும்கூடும்.